ஓ.எம்.ஆரில் பிளாட் விலை இறங்குகிறது, லாரித் தண்ணீர் விலை இறங்குவதாக இல்லை

படூர்வாசி

சென்னைக்குத் தெற்கே பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.), நாவலூர் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிற ஒரு இரண்டு பெட்ரூம் பிளாட்டை விற்கப் பார்க்கிறேன். வாங்கும்போது கட்டியவர்கள் சொன்னது "இன்னும் இரண்டு வருடத்தில் மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியக் குழாய்) வந்துவிடும்" என்று. வந்தது என்னவோ பக்கத்தில் இன்னும் மூன்று பெரிய கட்டடம்தான். இப்போது புரோக்கர் சொல்லும் விலையையும் நான் கட்டிய வட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பேசாமல் அந்தப் பணத்தை வங்கியிலேயே போட்டிருக்கலாம்.

பார்க்க வருகிறவர்கள் ஹால் எவ்வளவு பெரியது, பால்கனி எந்தத் திசை என்றெல்லாம் கேட்பதற்கு முன்னால் "தண்ணி எப்படிங்க?" என்றுதான் கேட்கிறார்கள். போர்வெல் தண்ணீர் உப்பு, லாரிதான் என்று சொன்னதும் முகம் மாறிவிடுகிறது. சரி, நான் கேட்க வந்தது இதுதான். விலை படுத்திருப்பது தண்ணீரால்தானா, இல்லை பொதுவாகவே சந்தை இப்படித்தானா? காத்திருந்தால் ஏறுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சைட்_பார்க்கலாம்_வாங்க

சார், நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், அதனால் என் பேச்சில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொண்டே படியுங்கள்.

இந்தச் சாலையில் விலை படுப்பது புதிது இல்லை. 2008ல் அமெரிக்காவில் வங்கி கவிழ்ந்தபோது இங்கே ஐ.டி. ஆட்கள் வேலை போய்விடுமோ என்று முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். 2014ல் மவுலிவாக்கத்தில் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தபோது ஒரு அடி. 2015 டிசம்பர் வெள்ளம், அப்புறம் 2016ல் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது, அதே வருடம் நவம்பரில் பணமதிப்பிழப்பு, 2017ல் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், ஜி.எஸ்.டி. எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன. அரசாங்கமே 2017 ஜூனில் பத்திரப் பதிவுக்கான நில வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது, ஆனால் பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து நான்கு சதவீதம் ஆக்கிவிட்டது. 2023 ஏப்ரலில்தான் பழைய மதிப்பைத் திரும்பக் கொண்டுவந்து கட்டணத்தை இரண்டாகக் குறைத்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் 2019 கோடையில்தான் முதன்முறையாக "தண்ணீர் இல்லை, அதனால் வாங்க மாட்டேன்" என்று வாடிக்கையாளர் வாயால் கேட்டேன். வாடகைக்கு இருந்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் காலி செய்தார்கள், கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று அனுப்பின. அடுத்த வருடம் மழை நன்றாகப் பெய்ததும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். விற்கிறவனுக்கு நல்ல மழை மாதிரி விளம்பரம் வேறு இல்லை.

மெட்ரோ ரயில் வேலை முடிந்தால் சிறுசேரி வரை விலை ஏறும். காத்திருங்கள்.

சங்கச்செயலாளர்

மெட்ரோ ரயில் வந்தால் குளிக்க அதிலா போவோம்?

எங்கள் குடியிருப்பின் சங்கக் கணக்கை நான்தான் பார்க்கிறேன், பெரிய வளாகம். மெயின்டனன்ஸில் லிஃப்ட், செக்யூரிட்டி, ஜெனரேட்டர் டீசல் எல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம், தண்ணீர் தனியாக இன்னொரு பக்கம். மார்ச் தாண்டினால் தண்ணீர் மற்ற எல்லாவற்றையும் முந்திவிடும். 12 ஆயிரம் லிட்டர் லாரியா 24 ஆயிரம் லிட்டர் லாரியா என்பதில் ஆரம்பித்து, சம்ப்பில் இறக்கும்போது அளவு குறைகிறதா என்று பார்க்க ஒரு ஆள், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் வைத்துச் சோதிக்க ஒரு ஆள், அது ஆயிரத்தைத் தாண்டினால் லாரியைத் திருப்பி அனுப்பலாமா வேண்டாமா என்று வாட்ஸ்அப்பில் சண்டை. திருப்பி அனுப்பினால் அடுத்த லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் திருப்பி அனுப்புவதில்லை.

படூர்வாசி அண்ணா, உங்கள் பிளாட் விலையில் லாரிச் செலவு ஏற்கனவே கழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் மாதத் தவணையோடு மெயின்டனன்ஸையும் கூட்டித்தான் பார்க்கிறார். அடையாறிலோ மயிலாப்பூரிலோ இதே சதுர அடிக்கு அந்தச் செலவு இல்லையே.

இன்னொன்று. பெருங்குடி, காரப்பாக்கம், சோழிங்கநல்லூர் எல்லாம் 2011ல் மாநகராட்சியில் சேர்ந்தன, அங்கேயே எல்லாத் தெருவுக்கும் குழாய் வந்து சேரவில்லை. நாவலூரும் படூரும் மாநகராட்சிக்குள்ளேயே இல்லை, செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சிகள். விளம்பரத்தில் "சென்னை", தண்ணீர் கேட்டால் "நீங்கள் சென்னை இல்லை".

கிணத்துமேடு

அக்கா, அந்த லாரி எங்கே நிரம்புகிறது என்று யாராவது பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறீர்களா?

எங்கள் ஊர் மாம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம். அப்பா காலத்தில் ஏரிப் பாசனம், இரண்டு போகம், மீதி நாளுக்குக் கிணறு. இப்போது எங்கள் ஏரியின் பாசன நிலம் (ஆயக்கட்டு) இருந்த இடத்தில் பாதி மனை. மனைக்காரர்களுக்கு ஏரி நிரம்பினால் பயம், தெருவில் தண்ணீர் வந்துவிடும் என்று உபரித் தண்ணீர் வழிகிற கலங்கலை உடைத்துவிடச் சொல்லி மனு கொடுக்கிறார்கள். ஏரி பாதியிலேயே நின்றால் கிணறு மாசி மாதமே அடி காட்டும். அந்தக் கிணற்றிலிருந்துதான் லாரிக்கு இறைக்கிறோம். ஆமாம், நானும் விற்றேன், மறைக்க என்ன இருக்கிறது? நெல் போட்டால் ஆள் கூலிக்கே சரியாகிவிடும். மோட்டாரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் லாரிக்காரன் கையில் காசு கொடுத்துவிட்டுப் போகிறான். பக்கத்து நிலத்துக்காரர் ஒரு வருடம் பேசவில்லை, ஏனென்றால் அவர் கிணறு வற்றியது என் மோட்டாரால். அடுத்த வருடம் அவரும் விற்க ஆரம்பித்துவிட்டார்.

உங்களுக்குப் பிளாட் விலை குறைந்தது கவலை. எங்களுக்கு, மனை விற்பனை சூடாக இருந்தால் நிலம் போகும், படுத்தால் தண்ணீர் போகும். கட்டி முடித்த பிளாட்டில் ஆள் இருக்கிறவரைக்கும் லாரி வந்துகொண்டுதான் இருக்கும், சந்தை என்ன ஆனாலும்.

சைட்_பார்க்கலாம்_வாங்க

தம்பி, ஏரித் தண்ணீரில் நெல் போடுவதைவிட வீடு கட்டினால் தண்ணீர் மிச்சம்தான். ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஆகிற தண்ணீரில் எத்தனை குடும்பம் வாழும் தெரியுமா?

மதகு

இந்தக் கணக்கை அடிக்கடி கேட்கிறேன், பாதி சரி. பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு டி.எம்.சி., அதாவது ஆயிரம் மில்லியன் கன அடி, என்பது 2,831 கோடி லிட்டர். நெல்லுக்குத் தோராயமாக ஆறாயிரம் ஏக்கருக்கு வரும். குடிநீராகப் பார்த்தால் மிகப் பெரிய அளவு. ஆனால் ஏரிப் பாசன நெல் குடிப்பது அந்த வருடத்து மழை. அதில் ஒரு பங்கு வயலிலிருந்தே கீழே இறங்கிக் கிணறுகளுக்குத் திரும்பும். பிளாட் வருடம் முழுவதும் இறைக்கும், மேலே சிமென்ட் போட்டு இறங்குகிற வழியையும் அடைத்துவிடும். மழைநீர் சேகரிப்பு 2003லிருந்து கட்டாயம், ஆனால் பல வளாகங்களில் அந்தக் குழி இப்போது மணலும் குப்பையும் நிரம்பிய குழி. ஆகவே ஏக்கருக்கு ஏக்கர் என்று கூட்டிக் கழிப்பது இங்கே செல்லாது.

இப்போது சென்னைக்கு வருவோம். பூண்டி 3,231 மில்லியன் கன அடி, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, 2020ல் சேர்ந்த கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500. எல்லாம் விளிம்பு வரை நிரம்பினாலும் 12 டி.எம்.சி.யைத் தொடாது. ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா நீர் 1983 ஒப்பந்தப்படி வருடம் 12 டி.எம்.சி. எல்லைக்கு வந்து சேர வேண்டும், 1996ல் முதல் தண்ணீர் வந்தது, பல வருடங்களில் அதில் பாதி கூடக் கிடைத்ததில்லை. வராததற்கு மேலே இருக்கிற மாநிலங்களுக்கு அவரவர் காரணம் உண்டு.

கடல்நீர் ஆலை மீஞ்சூரில் 2010ல் நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர், நெம்மேலியில் 2013ல் பத்துக் கோடி, அங்கேயே 2024ல் இன்னொரு பதினைந்து கோடி. பேரூரில் நாற்பது கோடிக்கு வேலை நடக்கிறது. நெம்மேலி ஆலை கிழக்குக் கடற்கரைச் சாலையில், நாவலூருக்கு ஒன்றும் வெகு தூரம் இல்லை. ஆனால் குழாய் எல்லைக்கோட்டைப் பார்த்துத்தான் போகும், தாகத்தைப் பார்த்து அல்ல.

தண்ணீர் யாருக்கு முதலில் என்பதைப் பற்றியும் ஒன்று. 2002 தேசிய நீர்க் கொள்கை வரிசை போட்டது: முதலில் குடிநீர், அடுத்து பாசனம், அப்புறம் நீர்மின்சாரம், சூழல், அதற்குப் பிறகுதான் தொழிற்சாலை. எழுத்தில் அழகான வரிசை. பிளாட் வளாகத்தின் நீச்சல் குளமும் கார் கழுவுவதும் அந்த வரிசையில் எங்கே வரும்? எல்லாம் "குடிநீர்" என்ற ஒரே பெயரில் முதலிடத்தில் ஏறி உட்கார்ந்துவிடுகின்றன. எனக்கு இதில்தான் கோபம்.

வீராணத்தான்

மதகு ஐயா எல்லா ஏரியையும் சொன்னார், எங்கள் ஏரியை விட்டுவிட்டார். காட்டுமன்னார்கோவில்காரன் நான், இப்போது வேளச்சேரியில் வாடகைக்கு.

வீராணம் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. 2004லிருந்து சென்னைக்கு நாளுக்கு 18 கோடி லிட்டர் வரை குழாயில் போகிறது, இருநூறு கிலோமீட்டருக்கு மேல். வருடம் முழுக்க அந்த அளவில் எடுத்தால் 2.3 டி.எம்.சி., அதாவது முழு ஏரியை ஒன்றரைத் தடவை காலி செய்கிற அளவு. அது கொள்ளிடம் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருகிற காவிரித் தண்ணீர். மேட்டூரில் ஜூன் 12 திறக்க முடியாத வருடங்களில் எங்கள் பக்கம் சம்பாவே சந்தேகம், ஆனால் சென்னைக் குழாயை மூடுவது கடைசியில்தான்.

நான் தண்ணீர் தரக் கூடாது என்று சொல்லவில்லை. நானே அதைத்தான் வேளச்சேரியில் குடிக்கிறேனோ என்னவோ. ஆனால் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நமக்கு 192ஐ 177.25 டி.எம்.சி. ஆக்கி, கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கொடுத்த 14.75ல் 4.75 பெங்களூரு குடிநீருக்கு என்று சொன்னபோது இங்கே எல்லோரும் கொதித்தோம். "பெங்களூருக்காரன் அபார்ட்மென்ட் கட்டுவதற்கு எங்கள் டெல்டாவா" என்று கேட்டோம். கடலூர் மாவட்டத்து விவசாயி அதே கேள்வியைச் சென்னையைப் பார்த்துக் கேட்டால் மட்டும் "மாநில நலன்" ஆகிவிடுகிறது.

வியாசர்பாடி_பாய்ஸ்

எல்லோரும் பிளாட், விவசாயி என்று இரண்டே கட்சியாகப் பேசுகிறீர்கள். 2019ல் மெட்ரோ வாட்டர் நாளுக்கு 83 கோடி லிட்டர் கொடுத்துக்கொண்டிருந்ததை 52.5 கோடியாகக் குறைத்தார்கள். எங்கள் தெருவில் பிளாஸ்டிக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா எழுந்து போவார். எங்களால் லாரி வாங்க முடியாது. அந்த வருடம் ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது ஞாபகம் இருக்கும், ஐம்பது வேகன், ஒரு தடவைக்கு 25 லட்சம் லிட்டர். நாளுக்கு ஒரு கோடி லிட்டர் கொண்டுவரத் திட்டம், 65 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வேலூர்ப் பக்கத்து ஜனங்களுக்கும் தண்ணீர்ப் பஞ்சம்தான், அங்கேயிருந்து எதிர்ப்பு வந்தது. டிவியில் வேகனுக்கு மாலை போட்டு வரவேற்றதைக் காட்டினார்கள். மொத்த விநியோகத்தில் அது இரண்டு சதவீதம்கூட இல்லை.

ஓ.எம்.ஆரிலேயே செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்தில் ஊருக்குள்ளிருந்து கொண்டுபோய் விட்ட ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிளாட்டை விற்க முடியாது, விலை ஏறினால் என்ன இறங்கினால் என்ன. அவர்களுக்குத் தண்ணீர் முறை வைத்துத்தான்.

பாலைவனத்தமிழன்

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் குரோம்பேட்டை. இங்கே நடந்ததைச் சொன்னால் உங்கள் விவாதத்துக்கு உபயோகப்படலாம்.

2006 உச்சத்திலிருந்து அடுத்த ஐந்து வருடத்தில் இந்த ஊரில் வீட்டு விலை பாதிக்கும் கீழே போனது. தெருவும் விளக்கும் போட்டு வீடு கட்டாமல் விட்ட லேஅவுட்டுகள் பாலைவனத்தில் கிடந்தன, அவற்றுக்காக வாங்கி வைத்த நிலத்தில் சில இடங்களில் திரும்பவும் பருத்தியும் தீவனப் பயிரும் போட்டார்கள். வீட்டுச் சந்தை விழுந்தால் தண்ணீர் மிச்சம் என்று நினைப்போம் அல்லவா? இங்கே தலைகீழ். இந்த மாநிலத்துத் தண்ணீரில் எழுபது சதவீதத்துக்கு மேல் விவசாயத்துக்குத்தான் போகிறது, ஏக்கருக்கு வீட்டைவிடத் தீவனப் புல் அதிகம் குடிக்கும். அது பாலைவனத்தில் இறைத்துப் பாய்ச்சுகிற பயிர், மதகு ஐயா சொன்ன ஏரி நெல் மாதிரி கிடையாது. அந்த வித்தியாசத்தை அவர் சரியாகப் பிடித்தார்.

நான் சொல்ல வந்தது வேறு. இங்கே 1980லிருந்து சட்டம் இருக்கிறது. நகரைச் சுற்றிய பகுதிகளில் புதிய மனைப்பிரிவு போட வேண்டுமானால் நூறு வருடத்துக்குத் தண்ணீர் இருக்கிறது என்று முதலில் நிரூபிக்க வேண்டும். 2023 ஜூனில், நிலத்தடி நீரை மட்டும் நம்பி வருகிற புதிய மனைகளுக்கு அனுமதி இல்லை என்று ஆளுநர் அறிவித்தார். கலிஃபோர்னியாவில் 2001லிருந்து ஐந்நூறு வீட்டுக்கு மேல் என்றால் இருபது வருடத் தண்ணீர்க் கணக்கைக் காட்ட வேண்டும். எங்கள் அரிசோனாச் சட்டத்தில் ஓட்டையும் இருக்கிறது. ஆறு மனைக்குக் குறைவாகப் பிரித்துப் பிரித்து விற்றால் சட்டம் தொடாது. ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்று ஒரு இடம், அப்படிக் கட்டின வீடுகளுக்கு லாரித் தண்ணீர்தான், பக்கத்து ஸ்காட்ஸ்டேல் நகரம் 2023 ஜனவரி முதல் தேதி "எங்கள் ஊர்த் தண்ணீர் எங்களுக்கே" என்று லாரிக்குக் குழாயை மூடிவிட்டது. படித்தபோது நம் ஓ.எம்.ஆர். ஞாபகம்தான் வந்தது.

சைட்_பார்க்கலாம்_வாங்க

நூறு வருடமா? இங்கே ஒரு கோடைக்குக் கணக்குக் காட்டச் சொன்னாலே பாதி புராஜெக்ட் நின்றுவிடும். அப்புறம் இருக்கிற பிளாட் விலை எகிறும், நடுத்தரக் குடும்பம் வீடே வாங்க முடியாது. அதையும் யோசியுங்கள்.

சங்கச்செயலாளர்

நிற்கட்டுமே. கட்டி விற்றுவிட்டு அவர்கள் போய்விடுகிறார்கள், சம்ப்பு எங்களிடம் இருக்கிறது.

மதகு

புரோக்கர் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, வீட்டு வரத்தை அடைத்தால் விலை ஏறும். ஆனால் பள்ளிக்கரணையைப் பாருங்கள். ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேர் இருந்த சதுப்பு நிலம், நாமெல்லாம் சேர்ந்து குப்பையும் கட்டடமும் போட்டு எழுநூறுக்கும் கீழே கொண்டுவந்தோம், 2022ல் ராம்சர் என்ற உலகச் சதுப்பு நிலப் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். 2025ல் பசுமைத் தீர்ப்பாயம், ஆய்வு முடிகிறவரை அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குப் புதிய கட்டட அனுமதி கொடுக்க வேண்டாம் என்றது. உடனே என்ன ஆனது? நாணயமாக வாங்கிக் குடியிருப்பவர்களும் விற்க வந்தபோது மாட்டிக்கொண்டார்கள். தண்ணீர்க் கணக்கை அனுமதி தரும்போதே பார்க்காமல் முப்பது வருடம் கழித்து நீதிமன்றத்தில் பார்த்தால் அடி கடைசியாக வாங்கினவர் தலையில்தான் விழும். சந்தை மந்தமாக இருக்கிற இப்போதுதான் விதி கொண்டுவர வேண்டும். சூடாக இருக்கும்போது எந்த அரசாங்கமும் கையை வைக்காது, பதிவுத் துறை வருமானம் அப்படி.

அரசாங்கத்தை மட்டும் சொல்லியும் பிரயோசனம் இல்லை. முகப்பேர் ஏரித் திட்டம் வீட்டு வசதி வாரியம் போட்டது. தியாகராய நகரே ஒரு பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் வந்தது. நூறு வருடப் பழக்கம்.

படூர்வாசி

இவ்வளவு விஷயம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கிணத்துமேடு தம்பி, உங்கள் பதிவைப் படித்த பிறகு லாரி பில்லைப் பார்க்கவே என்னவோ போல் இருக்கிறது. ஆனாலும் நாளைக்கும் லாரி வந்தால்தான் குளிப்போம். காத்திருப்பதா விற்பதா என்பதில் இன்னும் முடிவு வரவில்லை, வாடகைக்கு விடலாம் என்றால் வாடகைக்காரரும் அதே கேள்வியைத்தான் கேட்பார்.

ஒரு சந்தேகம். எங்கள் வளாகத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறது. அதில் வெளியே வருகிற தண்ணீர் கொஞ்சம் ஃபிளஷுக்கும் செடிக்கும் போகிறது, மீதியை என்ன செய்வதென்று தெரியாமல் காசு கொடுத்து லாரியில் அனுப்புகிறோம். ஒரு கேட்டில் காசு கொடுத்துத் தண்ணீர் உள்ளே, இன்னொரு கேட்டில் காசு கொடுத்துத் தண்ணீர் வெளியே. இதை யாராவது வாங்க மாட்டார்களா?

மதகு

வாங்குவார்கள், பெரிய அளவில் என்றால். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019லிருந்து நாளுக்கு நாலரைக் கோடி லிட்டர் வீதம் கழிவுநீரைச் சவ்வூடு வடிகட்டித் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். கோயம்பேட்டுத் தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம், கொடுங்கையூர்த் தண்ணீர் மணலி, எண்ணூர் பக்கம். அந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊருக்கு மிச்சம். ஓ.எம்.ஆரில் தனித்தனி வளாகமாக இருப்பதால் சேர்த்துக் கொண்டுபோகக் குழாய் இல்லை. உங்கள் பக்கத்து மூன்று வளாகச் சங்கங்களும் சேர்ந்து சிறுசேரி சிப்காட் தொழிற்பேட்டையில் ஏ.சி. குளிர்விப்புக் கோபுரத்துக்கு வேண்டுமா என்று எழுதிக் கேளுங்கள். உப்பு அளவு, தினம் எத்தனை லிட்டர் என்ற விவரத்தோடு போனால்தான் பேசுவார்கள்.

கிணத்துமேடு

அவர்கள் வேண்டாம் என்றால் சொல்லுங்கள், நாற்று நர்சரிக்காரர்கள் எங்கள் ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள். லாரி வாடகை உங்களுடையது.

சங்கச்செயலாளர்

தம்பி, டி.டி.எஸ். எவ்வளவு வரை அவர்களுக்குச் சரிப்படும்? எங்கள் வளாகத்திலும் மிச்சம் இருக்கிறது. நர்சரிக்காரர்களைக் கேட்டு இங்கேயே எழுதுங்கள், தனிச்செய்தி வேண்டாம். மற்ற சங்கத்துக்காரர்களும் பார்க்கட்டும்.